மும்பையிலிருந்து இரண்டு நாள் பயணம்: பங்குனி ஆமைகளின் வேளாஸ் கடற்கரை

செம்பூரில் வசிக்கும் ஒரு வாசகி கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது: சனி, ஞாயிறு இரண்டு நாள்களுக்குள் போய்வரக்கூடிய ஒரு கடற்கரை வேண்டும்; கூண்டிலோ தொட்டியிலோ அடைபடாத காட்டுயிர்களைப் பிள்ளைகள் அங்கே பார்க்க வேண்டும்; பையனுக்கு ஒன்பது வயது, பெண்ணுக்கு ஆறு; சைவ உணவு மட்டுமே உண்ணும் மாமியாரும் உடன் வருகிறார்; கோவா வேண்டாம்.

மார்ச் மாதத்திலோ ஏப்ரல் முற்பகுதியிலோ நீங்கள் போக முடியுமானால் என் பதில் ஒன்றே ஒன்றுதான்: ரத்னகிரி மாவட்டம், மண்டண்கட் தாலுகாவில் உள்ள வேளாஸ் என்னும் கடலோரக் கிராமத்துக்குப் போங்கள். நம் மீனவர்கள் பங்குனி ஆமை என்று அழைக்கும் கடலாமைகள் அங்கே முட்டையிடுகின்றன. முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுகள் மணலைக் கடந்து முதன்முறையாக அலைக்குள் இறங்குவதைக் காலையிலும் மாலையிலும் பொதுமக்கள் நின்று பார்க்க அந்த ஊர் மக்களே ஏற்பாடு செய்கிறார்கள். மும்பையிலிருந்து ஏறக்குறைய 200 கிலோமீட்டர் தொலைவுக்குள் இதற்கு ஈடான காட்சி வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்தப் பயணத்தின் தேதியை உங்கள் விடுமுறை முடிவு செய்யக் கூடாது, மணலுக்குள் இருக்கும் கூடுகள் முடிவு செய்ய வேண்டும். இதை ஏற்றுக்கொள்கிறவர்கள் மனம் நிறைந்து திரும்புகிறார்கள். அறையை முன்பதிவு செய்துவிட்டோம், எனவே ஆமையும் வந்தே தீர வேண்டும் என்று எண்ணுகிறவர்களுக்கு ஏமாற்றமே மிஞ்சுகிறது.

கூடுகளின் கணக்கு எப்படி என்பதைச் சொல்கிறேன். கொங்கணக் கரையில் பெண் ஆமைகள் பெரும்பாலும் நவம்பர் முதல் மார்ச் வரையிலான இரவுகளில் கரையேறுகின்றன. உயர் அலைக் கோட்டுக்கு மேலே, உலர்ந்த மணலில், பின் துடுப்புகளால் ஏறக்குறைய ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி தோண்டி, நூறு முதல் நூற்றிருபது வரை முட்டைகள் இட்டு, மணலால் மூடி, உடலால் தட்டிச் சமன்படுத்திவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடுகின்றன. தாய் மறுபடி கூட்டைப் பார்க்க வருவதில்லை. மேசைப் பந்தாட்டப் பந்தின் அளவும் நிறமும் கொண்ட அந்த முட்டைகள், மணலின் வெப்பத்தைப் பொறுத்து 45 முதல் 60 நாள்களில் பொரிகின்றன. குஞ்சு ஆணா பெண்ணா என்பதையும் அந்த வெப்பமே முடிவு செய்கிறது: ஏறக்குறைய 30 டிகிரி செல்சியஸை ஒட்டிய ஒரு அளவுக்கு மேலே போனால் பெண்கள் மிகுதியாகவும் கீழே இருந்தால் ஆண்கள் மிகுதியாகவும் பிறக்கின்றன. கோடை ஆண்டுக்காண்டு சூடேறிவரும் காலத்தில் இது சிறிய விஷயம் அல்ல. ஜனவரியில் இட்ட முட்டை மார்ச்சில் பொரியும் என்பதால்தான் மார்ச்சும் ஏப்ரல் தொடக்கமும் சிறந்த காலம் என்கிறேன்.

ஒடிசாவின் ருஷிகுல்யா, கஹிர்மாதா கடற்கரைகளில் சில இரவுகளுக்குள் பல இலட்சம் ஆமைகள் ஒன்றாகக் கரையேறும் காட்சியைப் பிள்ளைகள் தொலைக்காட்சியில் பார்த்திருக்கலாம். வேளாஸில் அப்படி நடக்காது என்பதை முன்கூட்டியே அவர்களிடம் சொல்லிவிடுங்கள். இங்கே ஆமைகள் தனித்தனியாக, ஓர் இரவில் ஒன்று, சில இரவுகளில் ஒன்றுமே இல்லை என்ற விதத்தில் வருகின்றன. ஒரு பருவத்துக்குச் சில பத்துக் கூடுகள் கிடைத்தாலே நல்ல ஆண்டுதான். ஆகவே நீங்கள் போகும் சனிக்கிழமை மாலையில் நாற்பது குஞ்சுகள் கடலுக்குப் போகலாம், நான்கே போகலாம், ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். சனி மாலை, ஞாயிறு காலை என இரண்டு வேளைகளையும் கரையில் செலவிடும்படி திட்டமிட்டால் பார்க்கும் வாய்ப்பு கூடும். புறப்படுவதற்கு முன் வெள்ளிக்கிழமை, நீங்கள் தங்கவிருக்கும் வீட்டுக்காரரைத் தொலைபேசியில் அழைத்து, இந்த இரண்டு நாள்களில் பொரியவிருக்கும் கூடு உண்டா என்று கேளுங்கள். முட்டையிட்ட தேதியைக் குறித்து வைத்திருப்பதால் அவர்களால் ஓரளவு நம்பிக்கையோடு சொல்ல முடியும். அடுத்த வாரம் வாருங்கள் என்று சொன்னால், தயங்காமல் தள்ளிப்போடுங்கள்.

இப்படிக் கணக்கு வைத்திருக்கும் ஊராக வேளாஸ் எப்படி மாறியது என்பது, ஆமையைப் போலவே, பிள்ளைகள் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி. ஒரு காலத்தில் இந்தக் கரையில் முட்டைகள் மனிதர்களால் தோண்டி எடுக்கப்பட்டன. மிஞ்சியவற்றை நரிகளும் நாய்களும் தின்றன. சிப்ளூண் நகரைச் சேர்ந்த சஹ்யாத்ரி நிசர்க மித்ர என்ற அமைப்பு, பாவூ காட்தரே அவர்களின் வழிகாட்டலில், 2002ஆம் ஆண்டளவில் இங்கே பாதுகாப்புப் பணியைத் தொடங்கியது. முட்டை எடுத்தவர்களைத் துரத்துவதைவிட, கரையை நன்கறிந்த ஊர்க்காரர்களையே காவலர்களாக்குவது நல்லது என்ற எண்ணத்தில் அவர்கள் உறுதியாக நின்றார்கள். முட்டைகளைக் காத்துப் பொரிக்கவைக்கும் பொரிப்பகம் உருவானது. 2006 முதல் ஆமைத் திருவிழா என்ற பெயரில் வெளியூர் மக்களை அழைத்து, அவர்களை ஊர் வீடுகளிலேயே தங்கவைத்தார்கள். ஆமை உயிரோடு இருந்தால் வீட்டுக்கு வருமானம் உண்டு என்பது கண்முன்னே தெரிந்த பிறகு, காவல் என்பது ஊரின் வழக்கமாகவே ஆகிவிட்டது. இன்று மகாராஷ்டிர வனத்துறையும் அதன் அலையாத்திக் காடுகள் பிரிவும் இந்தப் பணியில் இணைந்துள்ளன. கரையில் நடக்கும் உள்ளூர்த் தொண்டர்களைக் 'காசவ் மித்ர', அதாவது ஆமை நண்பர் என்று அழைக்கிறார்கள். 'ஆமை புகுந்த வீடு' என்ற பழமொழியை நினைத்து உங்கள் மாமியார் தயங்கினால், இந்த ஊரில் பல வீடுகள் ஆமையால்தான் நன்றாக இருக்கின்றன என்று அவரிடம் சொல்லலாம்.

கடற்கரையில் என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு போனால் பார்ப்பது இன்னும் விளங்கும். தொண்டர்கள் விடியலுக்கு முன்பே கரை முழுவதும் நடந்து, கரையேறிய ஆமையின் தடத்தைத் தேடுகிறார்கள். கூட்டைக் கண்டதும் முட்டைகளைக் கவனமாக எடுத்து, வேலியிட்ட பொரிப்பகத்துக்குக் கொண்டுவந்து, தாய் தோண்டியது போலவே வாய் குறுகி அடி அகன்ற குழியில், அதே ஆழத்தில் வைத்து மூடி, தேதியையும் எண்ணிக்கையையும் எழுதிய பலகையை நடுகிறார்கள். பொரியும் நாள் நெருங்கும்போது கூட்டின்மேல் கூடையைக் கவிழ்த்து வைக்கிறார்கள். முட்டையை உடைத்த குஞ்சுகள் உடனே மேலே வந்துவிடுவதில்லை. ஒன்றாகச் சேர்ந்து மணலைச் சரித்துச் சரித்து மேலேற ஓரிரு நாள்கள்கூட ஆகலாம். அப்படி மேலே வந்தவற்றை வெயில் ஏறுவதற்கு முன் காலையிலும், வெயில் தாழ்ந்த பின் மாலையிலும் அலையிலிருந்து சற்றுத் தள்ளி மணலில் விடுகிறார்கள். ஏன் நேராகத் தண்ணீரிலேயே விடுவதில்லை என்று உங்கள் பையன் நிச்சயம் கேட்பான். அந்தச் சில மீட்டர் நடை குஞ்சுக்குத் தேவை. கடல் எந்தப் பக்கம் என்பதை அது தானே கண்டறிய வேண்டும், பிறந்த கரையின் அடையாளமும் அதன் உடலில் பதிய வேண்டும். பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்து முதிர்ந்த பெண் ஆமை முட்டையிட வரும்போது, தான் பிறந்த பகுதியின் கரையை நாடியே பெரும்பாலும் வருகிறது. ஆயிரம் குஞ்சுகளில் ஒன்றே அந்த வயதை எட்டும் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது.

ஆனால் ஆமை எப்போதும் நம் எதிர்பார்ப்புக்குள் அடங்குவதும் இல்லை. 2022 ஜனவரியில் இதே வேளாஸ் கரையில் ஒரு பெண் ஆமையின் ஓட்டின்மேல் செயற்கைக்கோள் கருவியைப் பொருத்தி, அதற்குப் பிரதமா என்று பெயரிட்டுக் கடலில் விட்டார்கள். இந்தியாவின் மேற்குக் கரையில் பங்குனி ஆமைக்கு அப்படிச் செய்தது அதுவே முதல் முறை. 2021இல் ஒடிசாக் கரையில் துடுப்பில் எண் தகடு இட்டு விடப்பட்ட மற்றோர் ஆமை, 2025 ஜனவரியில் வேளாஸுக்குத் தெற்கே இதே ரத்னகிரி மாவட்டத்தின் குஹாகர் கரையில் முட்டையிட்டுக்கொண்டிருந்தபோது கண்டறியப்பட்டது. வங்கக் கடலில் இருந்த ஆமை இந்தியத் தீபகற்பத்தையே சுற்றிக்கொண்டு அரபிக் கடலுக்கு வந்திருக்கிறது. உலகப்படத்தை விரித்து இந்த வழியைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு அழைத்துப் போங்கள். கையகலம்கூட இல்லாத அந்தக் கருங்குஞ்சை அவர்கள் பார்க்கும் விதமே மாறிவிடும்.

கரையில் நடந்துகொள்ளும் முறையைப் பற்றிச் சற்றுக் கடுமையாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இந்தப் பயணம் நல்லதாக அமைவதும் கேடாக முடிவதும் அதில்தான் இருக்கிறது. குஞ்சுகள் கடலை நோக்கிப் போவது, அந்தத் திசையின் வானம் வெளிச்சமாக இருப்பதால்தான். உங்கள் கைபேசியின் விளக்கோ பிளாஷோ அதைவிடப் பிரகாசமாக இருந்தால் அவை உங்களை நோக்கித் திரும்பும். ஆகவே எந்த விளக்கும் வேண்டாம். கயிறு கட்டியிருக்கும் எல்லையைத் தாண்டக் கூடாது. பங்குனி ஆமை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்ற உயிர்; புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு இதற்கும் உண்டு; படத்துக்காகக் கையில் எடுப்பது குற்றம். குஞ்சு அலையில் கவிழ்ந்து மல்லாந்தாலும் தொண்டர் பார்த்துக்கொள்வார், நாம் ஓடக் கூடாது. இரவில் தாய் ஆமையைத் தேடிச் சொந்தமாகக் கரையில் அலைவதும் தவறு: கரையேறத் தொடங்கிய ஆமை மனித நடமாட்டத்தைக் கண்டால் முட்டையிடாமலேயே திரும்பிவிடும். சென்னையில் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு 1988 முதல் நடத்திவரும் இரவு நடைகளில் கலந்துகொண்ட உறவினர்கள் உங்களுக்கு இருக்கலாம்; அங்கேயும் தொண்டர்களோடு, அவர்கள் சொற்படிதான் நடக்கிறார்கள். வேளாஸில் அப்படி ஓர் ஏற்பாடு உங்களுக்கு முறையாகச் சொல்லப்பட்டாலன்றி, இரவில் வீட்டிலேயே இருங்கள்.

ஒரு வேளை குஞ்சே வராவிட்டால் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்ற கவலை உங்களுக்கு இருக்கும். அந்தக் கரையில் பார்க்க வேறு உயிர்கள் நிறையவே உண்டு. நீர் வடியும் நேரத்தில் ஈரமணல் முழுவதும் சின்னஞ்சிறு மணல் உருண்டைகள் கோலமிட்டது போல் பரவிக் கிடக்கும். மணலிலுள்ள நுண்ணுணவை உண்டுவிட்டு மீதியை உருட்டிப் போடும் சிறு நண்டுகளின் வேலை அது. அசையாமல் ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் அவை வளையிலிருந்து வெளியே வரும். மேலே உலர்மணலில் பெரிய வளை தோண்டி வாழும் வெளிர்நிறப் பேய் நண்டுகள் ஆமைக் குஞ்சுகளுக்கு எதிரிகள். அவற்றை வெறுக்கக் கற்றுக்கொடுக்காதீர்கள், அவையும் அந்தக் கரையின் குடிகளே. விடியற்காலையில் மணலில் நரியின் காலடித் தடம் தெரியலாம். வெண்வயிற்றுக் கடற்கழுகு இந்தக் கரையோரத்தின் பெருமைகளில் ஒன்று. உயர்ந்த மரங்களில் கூடு கட்டி, கடலிலிருந்து மீனையும் கடற்பாம்பையும் தூக்கிச் செல்லும். ஒரு நல்ல தொலைநோக்கி எடுத்துப் போங்கள். இந்தப் பயணத்துக்கு நான் பரிந்துரைக்கும் ஒரே செலவு அது.

டால்பின் பார்க்க ஆசைப்பட்டால், வேளாஸிலிருந்து தெற்கே தாபோலி தாலுகாவின் ஹர்ணை, முருட் கரைகளில் படகுக்காரர்கள் காலையில் அழைத்துச் செல்கிறார்கள். அங்கே தெரிவது பெரும்பாலும் கரையோர ஆழமற்ற நீரில் வாழும் கூன்முதுகு டால்பின். டால்பின் தெரிந்தவுடன் படகை விரட்டச் சொல்லாமல், இயந்திரத்தை நிறுத்திக் காத்திருக்கச் சொல்லுங்கள். உயிர்காப்பு மேலாடை இல்லாத படகில் பிள்ளைகளை ஏற்றாதீர்கள். ராய்கட் மாவட்டத்தில் ஜஞ்சிரா கோட்டைக்கு அருகிலும் ஒரு முருட் உண்டு என்பதால் வழிகாட்டிச் செயலியில் ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது கவனம் தேவை. வேளாஸையும் டால்பினையும் இரண்டு நாள்களுக்குள் சேர்த்துத் திணிப்பது, ஆறு வயதுக் குழந்தையும் முதியவரும் இருக்கும் குடும்பத்துக்கு உகந்ததல்ல என்பது என் கருத்து. மூன்று நாள்கள் கிடைத்தால் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வழியைப் பொறுத்தவரை, செம்பூரிலிருந்து பன்வேல், பேண், வட்கள், மாண்காவ் என்று மும்பை–கோவா நெடுஞ்சாலையில் வந்து, அங்கிருந்து உள்வழியாக மண்டண்கட் போய்க் கடற்கரைக்கு இறங்கலாம். எனக்குப் பிடித்தது மற்றொரு வழி: மாண்காவிலிருந்து ஸ்ரீவர்தன், ஹரிஹரேஷ்வர் பக்கம் திரும்பி, பாக்மாண்ட்லா துறையில் வண்டியோடு படகில் ஏறி, சாவித்ரி ஆற்றின் கழிமுகத்தைக் கடந்து வேஷ்வியில் இறங்குவது. பயணம் சிறியதுதான், ஆனால் வண்டி படகில் ஏறுவதைப் பிள்ளைகள் பல நாள் பேசுவார்கள். ஹரிஹரேஷ்வர் கோயிலில் மாமியாருக்குத் தரிசனமும் ஆகிவிடும். மறுகரையில் வேளாஸுக்குப் போகும் வழியிலேயே, 1755இல் ஆங்கிலேயர் கைப்பற்றி விக்டோரியா என்று பெயரிட்ட பாண்கோட் கோட்டை உள்ளது. அதன் மேலிருந்து ஆறு கடலில் கலப்பதைப் பார்க்கலாம். சனிக்கிழமை அதிகாலை ஐந்து மணிக்குக் கிளம்பிவிட்டால் மதியச் சாப்பாட்டுக்கு ஊர் சேரலாம், மாலை நேரத்துக்குக் களைப்பின்றிக் கரையில் நிற்கலாம்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை உண்டு. கொங்கணத்தில் ஹோலியை ஷிம்கா என்ற பெயரில் பெருவிழாவாகக் கொண்டாடுகிறார்கள். மும்பையில் வேலை பார்க்கும் கொங்கணத்தார் ஊர்த் தெய்வத்தின் பல்லக்கைக் காணக் கூட்டம் கூட்டமாக ஊருக்குப் போகும் நாள்கள் அவை. அந்த வாரத்திலும், மராத்திப் புத்தாண்டான குடீ பாட்வாவை ஒட்டிய நீண்ட விடுமுறையிலும் நெடுஞ்சாலையில் பல மணி நேரம் நிற்க நேரிடும். பள்ளி ஆண்டுத் தேர்வு முடிந்து அடுத்த வகுப்பு தொடங்குவதற்கு இடைப்பட்ட, பண்டிகை இல்லாத ஒரு வார இறுதி அமைந்தால் அதுவே சிறந்தது.

தங்குவதற்கு ஊர் வீடுகளே உகந்தவை. விடுதி வசதிகளை எதிர்பார்க்க வேண்டாம். சில வீடுகளில் கூடத்தில் பாய் விரித்து எல்லோரும் சேர்ந்து படுப்பதாகவும், குளியலறை பொதுவாகவும் இருக்கும். மாமியாருக்குக் கட்டிலும் மேலைநாட்டுக் கழிப்பறையும் தேவையானால் பதிவு செய்யும்போதே கேட்டு உறுதிப்படுத்துங்கள். சாப்பாட்டில் அவருக்குக் குறை இருக்காது. வேளாஸ் வீடுகளில் பொதுவாகச் சைவச் சமையல்தான்: சோறு, ஆம்டி என்னும் பருப்புக் குழம்பு, பலாக்காய்க் கறி, கோகம் புளியும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த சோல்கடி, சொல்லிவைத்தால் நம் கொழுக்கட்டைக்கு நெருங்கிய உறவான உகடீசே மோதக். ஊரிலிருந்து கரைக்குச் சற்று தூரம் நடக்க வேண்டும். தென்னந்தோப்புகளுக்கும் சவுக்குமரங்களுக்கும் இடையே போகும் அந்த வழியில் காலை நேரத்தில் முதியவர்கள் மெதுவாக நடந்துவிடலாம். ரொக்கப் பணம், தொப்பி, நிறையத் தண்ணீர், இருட்டும் முன் திரும்பிவிடும் கவனம் ஆகியவை போதும். பிளாஸ்டிக் பொட்டலங்களை மட்டும் கரைக்குக் கொண்டுபோகாதீர்கள். கொண்டுபோனால் ஒன்று விடாமல் திரும்பக் கொண்டுவாருங்கள். கடலில் குளிப்பதை முழங்கால் அளவு நீரோடு நிறுத்திக்கொள்வது நல்லது, ஏனெனில் அங்கே உயிர்காப்பாளர்கள் நிற்பார்கள் என்று நம்பிப் போகக் கூடாது.

மாண்காவ் வரை கொங்கண் ரயிலில் போய் அங்கிருந்து பேருந்திலோ வாடகை வண்டியிலோ போவதும் முடியும். ஆனால் உள்வழிப் பேருந்துகள் அடிக்கடி இல்லாததால், உங்கள் குடும்பத்துக்குச் சொந்த வண்டியோ வாடகைக் காரோ வசதி.

மார்ச், ஏப்ரலில் உங்களால் போக முடியாவிட்டால், நவம்பர் முதல் பிப்ரவரி வரைக்கு நான் சொல்லும் இடம் காஷித். மும்பையின் பாவூசா தக்கா படகுத்துறையிலிருந்து மாண்ட்வாவுக்கு 2020 முதல் வண்டிகளையும் ஏற்றிச் செல்லும் பெரிய படகு ஓடுகிறது; அதில் கடலைக் கடந்து, அலிபாக் வழியாகத் தெற்கே போனால் காஷித் கரை வரும். அதன் அருகிலேயே, ஒரு காலத்தில் முருட்–ஜஞ்சிரா நவாப்புகளின் வேட்டைக்காடாக இருந்து 1986இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பணசாட் காடு கடலுக்கு மேல் மலைச்சரிவில் நிற்கிறது. மகாராஷ்டிரத்தின் மாநில விலங்கான ஷேக்ரு என்னும் பெரிய மலை அணில் அங்கே மரத்துக்கு மரம் தாவுவதை, விடியற்காலையில் வனத்துறையின் அனுமதியோடும் உள்ளூர் வழிகாட்டியோடும் நடந்தால் பார்க்க முடியும். சிறுத்தையும் கடமானும் அந்தக் காட்டில் உண்டு. ஆனால் அவற்றைப் பார்ப்போம் என்று பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். காட்டு நடைக்கு மாமியார் வர வேண்டாம். அவர் காஷித் கரையில் சவுக்கு நிழலில் உட்கார்ந்திருக்க, நீங்கள் காலை ஒன்பது மணிக்குள் திரும்பி வந்துவிடலாம்.